உட்கார வந்தவர்கள்

கேலபுக்கு இடுப்பு நிமிரவில்லை. உருளைக்கிழங்குப் பாத்தியின் நடுவில் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு, பாதி குனிந்தபடியே நின்றான். இழுத்த மூச்சு நெஞ்சுக்குள் இறங்காமல் தொண்டையோடு திரும்பியது. காற்று மெலிந்த விலாகோட்டா மலைமேட்டுக்குப் புதிதாக வருகிற எல்லாருக்கும் அப்படித்தான்.

“நிமிராத தம்பி, அப்படியே இரு. மறுபடி குனியுற வேலை மிச்சம்,” என்றாள் சத்துர்னினா. பின்னால் கிழங்கு பொறுக்கிக்கொண்டு வந்த அவள் கொழுந்தன் எவுசேபியோ சிரித்த சிரிப்பில், வாயில் அதக்கியிருந்த கோக்கா இலை வெளியே தெரிந்தது.

சத்துர்னினாவின் புருஷன் சுரங்க வேலைக்குப் போயிருந்தான். புழு வைப்பதற்குள் கிழங்கைத் தோண்டியாக வேண்டும். காலையில் அந்த வழியாகப் போன கேலப், கையிலிருந்த பைபிளைக் கல்மேல் வைத்துவிட்டு, யாரும் கேட்காமலே மண்வெட்டியை எடுத்தான். ஓஹையோவில் கடை வைத்திருப்பவரின் மகன் அவன். முதலில் தோண்டிய கிழங்கில் பாதி வெட்டுப்பட்டது. சத்துர்னினா அதைத் தனிக் குவியலாக ஒதுக்கினாள்.

மதியம் துணி விரித்து அவித்த கிழங்கும் மொச்சையும் வைத்தார்கள். கேலப் கைக் கொப்புளத்தை ஊதிக்கொண்டே தின்றான். மழைக்காலத்தில் இந்த ஊர்ச் சபைக்கு ஊழியம் செய்ய வந்தவன். வாரம் தவறாமல் அதைப் பெருக்கி, படித்து வந்த ஸ்பானிஷில் பிரசங்கம் செய்வான். வெறும் பெஞ்சுகள் கேட்டுக்கொண்டிருக்கும்.

“ஏன் மூஞ்சி இப்படித் தொங்குது? வேலையினாலயா?” என்றாள் சத்துர்னினா.

“இல்லக்கா. ஞாயித்துக்கிழமை லா பாஸ்ல இருந்து பெரிய பாஸ்டர் வர்றாரு. சபையில ஆள் இல்லைன்னா பூட்டிடுவாங்க. என்னை வீட்டுக்கு அனுப்பிடுவாங்க.”

“வீட்டுக்குத்தானே. அங்க மூச்சாவது விடலாம்,” என்றான் எவுசேபியோ.

“எங்க ஊரே கைதட்டி அனுப்பி வச்சது பிரதர். எந்த மூஞ்சியோட போய் நிக்கிறது?”

சத்துர்னினா கிழங்குத் தோலை உரித்தபடி கேட்டாள். “அங்க வர்றவங்க என்ன செய்யணும்?”

“ஒண்ணும் செய்ய வேண்டாம். உட்காரணும், பாடணும், நான் பேசுறதைக் கேக்கணும்.”

“எவ்வளவு நேரம்?”

“மதியம் வரைக்கும்.”

“அதுவும் கஷ்டம்தான்.” அடுத்த கிழங்கை எடுத்தாள். “எத்தனை பேர் வேணும்?”

“எத்தனை பேர் வந்தாலும் சந்தோஷம். ஆனா எனக்காக நீங்க வர வேண்டாம்க்கா. பதிலுக்கு எதையும் எதிர்பார்த்து நான் இதைச் செய்யலை.”

அவள் முகம் கறுத்துவிட்டது. “சும்மா வேலை வாங்கிக்க நான் என்ன பிச்சைக்காரியா?”

ஏதோ தப்பாகப் பேசிவிட்டோம் என்பது மட்டும் கேலபுக்குப் புரிந்தது. மன்னிப்புக் கேட்டுவிட்டு எழுந்தான். பொழுது சாயும்வரை தோண்டினான்.

ஞாயிற்றுக்கிழமை பாஸ்டர் வில்லரோயல் ஜீப்பில் வந்து இறங்கினார். உள்ளே எட்டிப் பார்த்தார். பெஞ்சுகளைக் கேலப் துடைத்து வைத்திருந்ததுதான் மிச்சம்.

“உன் மேல குறை சொல்லலைப்பா. இங்க வந்து தோத்தவன் நீ மட்டும் இல்ல,” என்று கையை நீட்டினார். “சாவியைக் குடு.”

கேலப் பையில் கைவிட்டபோது மேட்டுக்கு அந்தப்பக்கம் தொப்பிகள் தெரிந்தன. முன்னால் சத்துர்னினா. பக்கத்தில் எவுசேபியோ. அவர்களுக்குப் பின்னால், முதுகில் பிள்ளையைக் கட்டிய பெண்களும் கம்பு ஊன்றிய கிழவர்களுமாக விலாகோட்டா முழுக்க இறங்கி வந்துகொண்டிருந்தது.

பெஞ்சுகள் நிறைந்தன. மிஞ்சியவர்கள் தரையில் உட்கார்ந்தார்கள். தெரியாத பாட்டுக்கும் வாயைத் திறந்தார்கள். கேலப் பேசி முடிக்கும்வரை ஒருவர்கூட எழுந்து போகவில்லை. ஒரு கிழவர் தூங்கி விழுந்தார். சத்துர்னினா அவர் விலாவில் முழங்கையால் ஒரு இடி இடித்தாள். கேலபுக்கு ஜெபத்தின் நடுவில் குரல் உடைந்துபோயிற்று.

பாஸ்டர் அவனைக் கட்டிக்கொண்டார். “இந்தச் சபையை இனி யாரும் பூட்ட முடியாது. நீ ரெண்டு வருஷம் இங்கயே இரு. நான் லா பாஸ்ல பேசிக்கறேன்.”

ஜீப் கிளம்பியது. கேலப் கண்ணைத் துடைத்துக்கொண்டு சத்துர்னினாவிடம் ஓடினான்.

“அக்கா, இத்தனை பேர் மனசு எப்படி மாறுச்சு?”

“மனசா?” அவள் பாவாடையில் ஒட்டிய தூசியைத் தட்டினாள். “நீ என் வயல்ல வந்து நின்ன. நான் உன் பெஞ்சுல வந்து உக்காந்தேன். உனக்கும் எனக்கும் சரியாப் போச்சு.”

“அப்ப மத்தவங்க?”

“எத்தனை பேர் வந்தாலும் சந்தோஷம்னு சொன்னியே. உன் பேரைச் சொல்லித்தான் கூப்பிட்டேன். ஒருத்தரும் மாட்டேன்னு சொல்லலை.”

வெளியே வந்தவர்கள் யாரும் வீட்டுக்குப் போகவில்லை. சுவரோரம் நின்று, எந்தப் பாத்தி முதலில், எது அடுத்தது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். ஒரு பெண் கேலபின் கையைப் பிடித்துத் திருப்பி, கொப்புளம் ஆறிவிட்டதா என்று பார்த்தாள்.

எவுசேபியோ அவன் தோளில் கை வைத்தான்.

“நாளைக்கு என் வயல், பிரதர். இந்த ஊர்ல வீட்டுக்கு ஒரு நாள் நீ பாக்கி.”