மரத்தடிக் கைதி

"விடுங்கக்கா அவரை! நாலு ரம்புத்தானுக்காக மனுஷனை இப்படியா பிடிச்சு வைப்பீங்க?"

பஞ்சாலை கத்தினாள். ரஜியா காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

ரஜியா வீட்டு ரம்புத்தான் மரத்தடியில் பஞ்சாலையின் புருஷன் சன்னாசி மல்லாந்து கிடந்தான். திருடப் போன இடத்தில் உச்சிக்கிளை ஒடிந்துவிட்டது. சட்டைப்பை நிறையப் பழம். ரஜியா அவன் தலைமாட்டில் மண்டியிட்டு, இரண்டு கையாலும் அவன் தலையை இறுகப் பிடித்திருந்தாள்.

"அக்கா, நான் நடந்தே போயிடுறேன். கழுத்து மட்டும்தான் வலிக்குது. கைவிரல்ல எறும்பு ஊர்ற மாதிரி..."

"அசைஞ்சே, தொலைச்சுடுவேன்! திருட்டுப் பயலே, கால் கட்டைவிரலை ஆட்டு!"

ஆட்டினான்.

"அடுத்த கால்!"

அதையும் ஆட்டினான். கூட்டம் கொல்லென்று சிரித்தது.

"போலீஸ்கூட இப்படி விசாரிக்க மாட்டான்லா," என்றார் ஆறுமுகம். எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக்குலை ஏற்றும் லோரியைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார். "ஆளுக்கு ஒரு கை, ஒரு கால் பிடிங்கப்பா. தூக்கிப் போட்டா அரை மணியில ஆஸ்பத்திரி."

"எவனாச்சும் தொட்டீங்க, அருவாளைத் தூக்கிடுவேன்! போன் போட்டாச்சு. அவங்க வந்துதான் இவனைத் தூக்கணும்."

"என் புருஷனுக்கு ஒரு வாய் தண்ணியாவது கொடுக்கக் கூடாதா?"

"கிடையாது!"

"வருஷா வருஷம் பெருநாளுக்குத் தோட்டத்து லயம் முழுக்க பிரியாணி கொடுத்த கையா இது!" பஞ்சாலை மூக்கைச் சிந்தினாள்.

சன்னாசி கண்ணை மட்டும் உருட்டினான். "அக்கா, போலீஸ் அடிப்பாங்களா?"

"அசையாம கிடந்தா அடிக்க மாட்டாங்க. கட்டைவிரல்!"

ஆட்டினான்.

தூரத்தில் சைரன் கேட்டது. "வந்துட்டானுங்க!" என்று கூட்டம் வழிவிட்டது.

வந்தது ஆம்புலன்ஸ்.

ஷாமினி என்று சட்டையில் பெயர் போட்ட பெண் குதித்து இறங்கினாள். சன்னாசியின் கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு ரஜியாவின் கைகளைப் பார்த்தாள்.

"எவ்வளவு நேரமா பிடிச்சிருக்கீங்க?"

"முக்கால் மணி நேரம்."

"நான் சொல்ற வரைக்கும் விடாதீங்கம்மா."

அவளும் கூட வந்தவர்களும் கழுத்துக்குப் பட்டை மாட்டினார்கள். உடம்பு கொஞ்சமும் முறுக்கிக்கொள்ளாமல், நாலு பேர் ஒரே நேரத்தில் புரட்டிப் பலகையில் ஏற்றினார்கள். அப்புறம்தான் ரஜியா கையை எடுத்தாள்.

"பின்கழுத்து எலும்பு உடைஞ்சிருக்கும்போல," என்றாள் ஷாமினி. "லோரியில தூக்கிப் போட்டிருந்தா, அந்தக் கட்டைவிரல் அப்புறம் ஆடியிருக்குமோ என்னவோ."

ஆறுமுகம் சத்தமில்லாமல் லோரியை எடுக்கப் போனார்.

ஷாமினி கையிலிருந்த சீட்டைப் பார்த்தாள். "அழுதுகிட்டே போன் பண்ணினது இவரோட அக்கான்னு போட்டிருக்கு. யாரு அவங்க? கூட வரலாம்."

"அக்காவா? இவரு ஒத்தைப் பிள்ளையாச்சே!" என்றாள் பஞ்சாலை.

ரஜியா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வண்டியில் ஏறினாள்.

"என்னடி முழிக்கிறே, நீயும் ஏறு. டேய் தம்பி, கட்டைவிரலை ஆட்டு!"