பதினொரு சீடர்கள்

பன்னிரண்டு அடித்ததும் நான் எழுந்து நின்றேன். என் மனைவியும் நின்றாள். கடிகாரம் பழுதுபார்க்க வந்தவர் மட்டும் நாற்காலியிலேயே இருந்தார்.

"எங்க வீட்டில இந்த நேரத்துக்கு யாரும் உட்கார்ந்திருக்கிறதில்லை" என்றேன். அவரும் எழுந்தார்.

மேசைக் கடிகாரத்தின் முகப்புக்கு மேலே சின்னக் கதவு திறந்தது. கை உயர்த்தி ஆசீர்வதிக்கும் இயேசுவின் முன்னால், விரல் உயரச் சீடர்கள் ஒவ்வொருவராக வந்து போனார்கள். நாங்கள் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டோம்.

பதினொரு பேர். பிறகு ஒரு காலி இடம். கதவு மூடிக்கொண்டது.

அந்தக் காலி இடம்தான் எங்கள் குடும்பத்தின் பெருமை. கப்பலில் தச்சராக இருந்த தாத்தா, இந்தக் கடிகாரத்தை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றே குறடு எடுத்து யூதாஸைப் பிடுங்கிவிட்டார். காட்டிக்கொடுத்தவனுக்கு இந்த வீட்டில் இடமில்லை என்றாராம். சம்பந்தியோ சாமியாரோ தபால்காரரோ, யார் வந்தாலும் இந்தக் கதையைச் சொல்லாமல் நான் அனுப்பியதில்லை.

பழுதுபார்ப்பவருக்கும் சொன்னேன்.

காலை முழுவதும் அவர் பொம்மைகள் மேல் படிந்திருந்த மெழுகுவர்த்திக் கரியைப் பஞ்சால் துடைத்து எடுத்திருந்தார். கதையைக் கேட்டுவிட்டுத் தொண்டையைச் செருமினார். பின்பக்கத்தைத் திறந்து, சக்கரத்தைக் கையால் திருப்பி, ஐந்தாவது ஆளை வெளியே கொண்டுவந்தார். பூதக்கண்ணாடியை என்னிடம் நீட்டினார்.

"தப்பா எடுத்துக்காதீங்க ஐயா. கையில பணப்பை. இயேசுவைப் பார்க்காம மூஞ்சியைத் திருப்பிக்கிட்டிருக்காரு பாருங்க. இவர்தான் யூதாஸ். சாவி வச்சிருக்கிற பேதுருவைத்தான் காணோம்."

கரி போன இடத்தில் பை பளபளத்தது.

"நல்லாயிருக்கு போங்க" என்றாள் என் மனைவி. "மூணு தலைமுறையா எழுந்து நின்னு இவனுக்கா கும்பிடு போட்டோம்!"

"வாயை மூடு" என்றேன். அவள் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"பிடுங்கின பொம்மை இருந்தா கொடுங்க ஐயா. வச்சிடலாம்."

இருக்கிறது. இந்த வீட்டில் இல்லை. சின்ன வயதில் என் தங்கை அதை வைத்துத்தான் விளையாடுவாள். இருபத்தாறு வருடங்களுக்கு முன்னால் வீட்டைவிட்டுப் போனபோது அவள் எடுத்துக்கொண்டது அது ஒன்றைத்தான்.

போனாள் என்று சொல்வது சரியில்லை. நான்தான் அனுப்பினேன்.

அப்பாவின் கார் ஒருவர் மேல் ஏறிவிட்டது. ஓட்டியது டிரைவர்தான் என்று வீடே ஒரே குரலில் சாட்சி சொன்னது. நானும் சொன்னேன். ஓட்டியது அப்பாதான் என்று கூண்டில் ஏறிச் சொன்னவள் அவள் ஒருத்தி. அன்று சாயங்காலம் வாசலை அடைத்து நின்று, தாத்தா சொன்னதையே அவளுக்கும் சொன்னேன்.

தொலைபேசியை எடுத்தேன். எனக்கு எண் தெரியாது. எந்தப் புத்தகத்தையும் பார்க்காமல் என் மனைவி ஒவ்வொரு எண்ணாகச் சொன்னாள். அதை அப்புறம் விசாரித்துக்கொள்ளலாம்.

"அண்ணன் பேசறேன்."

மறுமுனையில் தங்கையின் குரல். "சொல்லுங்கண்ணா."

"அந்தப் பொம்மை கையில என்ன இருக்குன்னு பார்த்துச் சொல்லு."

அவள் பார்க்கப் போகவில்லை.

"சாவிண்ணா. ஏழு வயசிலயே சொன்னேன். தாத்தாவையே பொய்யாக்குறியான்னு அறைஞ்சீங்க."

எங்கள் குடும்பத்தில் யாரும் யாரிடமும் மன்னிப்புக் கேட்டதில்லை. நானும் கேட்கவில்லை. முதுகை நிமிர்த்திக்கொண்டேன்.

"தபால்ல அனுப்பாதே. நீயே கொண்டு வா. சரியா பன்னிரண்டு மணிக்கு வந்து சேரு" என்றேன். "நாங்க எழுந்து நிப்போம்."