செங்கல் வீட்டுச் சம்பந்தம்

பெண் இராசாத்தி காபி கொண்டுவந்து கொடுத்த பிறகும் சேனாதிபதி பெண்ணைப் பார்க்கவில்லை. வாசலில் போட்ட பெஞ்சில் உட்கார்ந்து, வீட்டின் முன்சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் மலைமேல் வடகவுஞ்சியில் பேர்பெற்ற கொத்தனார். மகன் பொன்னுவேலுக்குப் பெண் பார்க்க, மனைவி மூக்கம்மாளோடு அதே மலையில் இருக்கும் பேத்துப்பாறைக்கு வந்திருந்தார்.

டம்ளரை வைத்துவிட்டு எழுந்தார். சுவர் மூலையில் போய் நின்றார்.

"செங்கல் வீடுன்னு தரகர் சொன்னாரு."

"ஆமாங்க" என்றார் பெண்ணின் அப்பா நாச்சிமுத்து.

"ஒரு வரி கல்லை நீளவாக்குல வச்சா, அடுத்த வரியைக் குறுக்க வைக்கணும். மூலையில முக்காக் கல்லு உடைச்சுப் போடணும். அப்பத்தான் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவுல வர்ற சந்து, மேல் வரியும் கீழ் வரியும் நேரா வராது. இங்க அடியிலருந்து உச்சி வரைக்கும் ஒரே கோடா ஏறுது. இப்படிக் கட்டுனா சுவரு பிளந்துரும். இது எப்படிங்க நிக்குது?"



சேனாதிபதி விரலை நனைத்துச் சுவரில் தேய்த்தார். விரலெல்லாம் காவி.

"மண் சுவருதான் மாமா" என்றாள் இராசாத்தி. "நான்தான் நேத்து காவி பூசி, சுண்ணாம்புல கோடு போட்டேன்."

"அவ மேல தப்பில்லைங்க" என்றார் நாச்சிமுத்து. "தரகர்கிட்ட செங்கல் வீடுன்னு சொன்னது நான். சிலோன்ல தேயிலைத் தோட்டத்து லயத்துலயே, வரிசை வீட்டு ஒத்தை அறையிலயே கெடந்தோம். இங்க வந்து நானும் இவளுமா மண்ணைக் குழைச்சு எழுப்புன வீடு. கொத்தனாரு குடும்பத்துல மண் வீட்டுப் பொண்ணை எடுப்பாங்களோ என்னமோன்னு..."

பொன்னுவேல் அப்பாவைக் கெஞ்சலாகப் பார்த்தான். அவனுக்குப் பெண்ணைப் பிடித்துப்போயிருந்தது.

இராசாத்தி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். மூக்கம்மாள் எழுந்து அவள் கையைப் பிடித்தாள்.

"வா ஆத்தா, உள்ள போவோம்."

மனைவி உள்ளே போகும்வரை காத்திருந்த சேனாதிபதி, நாச்சிமுத்துவின் காதருகே குனிந்தார். அவர் முகத்தில் சிரிப்பு.

"எங்க கல்யாணத்துக்கு முன்னால இவ அப்பா என் வீட்டைப் பாக்க வந்தாரு. ஊருக்கெல்லாம் சுவரு கட்டுறேன், என் வீடு மண்ணு. செங்கல் கீழ வத்தலக்குண்டுலருந்து லாரியில ஏறி வரணும், அதுக்கு அப்ப வழியில்லை. முந்தின நாளு நானும் இதே சோலிதான் பார்த்தேன். காவி, சுண்ணாம்பு. கொத்தனாரில்லையா, கோட்டுல சந்து மட்டும் நேரா வராமப் பார்த்துக்கிட்டேன். நெசக் கல்லு வைக்க மூணு வருசம் ஆச்சு. அவளுக்கு இன்னும் தெரியாது. ஒளறிறாதீங்க சம்பந்தி."

நாச்சிமுத்துவுக்குக் கடைசிச் சொல் மட்டும்தான் காதில் விழுந்தது. அவர் பொன்னுவேலைக் கட்டியணைத்துக்கொண்டார்.

உள்ளே, மூக்கம்மாள் இராசாத்திக்குப் பூ வைத்துவிட்டாள்.

"இதுக்குப் போயி அழுவாங்களா? நான் வாக்கப்பட்டு வந்த மூணாம் நாளே மழை புடிச்சுக்கிச்சு. உங்க மாமா வெள்ளனே வேலைக்குப் போயிட்டாரு. பார்த்தா, செங்கல்லெல்லாம் கரைஞ்சு செவப்பா வாசல்ல ஓடுது."

இராசாத்தி அழுகையை மறந்தாள். "அப்புறம் என்ன செஞ்சீங்க அத்தே?"

"என்ன செய்ய? அவரு வர்றதுக்குள்ள வெரசா காவியைக் கரைச்சுப் பூசி, சுவடு பார்த்து அதே எடத்துல கோடு போட்டேன். மூணு வருசம், ஒவ்வொரு மழைக்கும். அவரு பூசுன காவிதான் அத்தனை மழைக்கும் தாங்குச்சுன்னு மனுசன் இன்னிக்கும் நம்பிக்கிட்டு இருக்காரு."