முழுக்கைச் சட்டை

தானே உயிரை மாய்த்துக்கொண்டவனுக்குச் சபைக் கல்லறையில் இடமில்லை என்று மகனின் உடலைச் சபையார் திருப்பி அனுப்பியதிலிருந்து ஜெபக்கனி கோயிலுக்குப் போவதில்லை. கணவர் மட்டும் போவார். ஞாயிறு மணியடித்ததும் அவள் பீரோவைத் திறந்து, மகனின் சட்டைகளுக்கு நடுவே தலையை நுழைத்து, போனில் பாட்காஸ்ட் பேசிப் பதிவுசெய்வாள். துணிக்குள் பேசினால் குரல் எதிரொலிக்காது என்பது அவன் சொல்லித்தந்தது. "ஆண்டவர் யாரையும் வாசல்ல நிறுத்துனதில்ல" என்பாள். யார் கேட்கிறார்கள் என்று அவளுக்குத் தெரியாது. முடிவில், ஆராதனையில் பக்கத்திலிருப்பவருக்குக் கைகொடுப்பதுபோல, ஒரு முழுக்கைச் சட்டையின் கையைப் பிடித்து "சமாதானம்" என்பாள். இன்று அப்படிப் பிடித்தபோது பின்னால் யாரோ தொண்டையைச் செருமினார்கள். கோயிலுக்குப் போயிருக்க வேண்டிய கணவர், கக்கத்தில் பைபிளை இடுக்கியபடி நின்றிருந்தார்.

"கனி, சட்டையோட அந்தப் பக்கத்துக் கை சும்மாதான தொங்குது?" என்றார்.