அரசர் தலைக்குப் பின்னால் ஒரு குழி

ஆப்பிரிக்க மலைநாடான அக்சுமின் வெண்கலக் காசில், அரசரின் தலைக்குப் பின்னால் உளுந்தளவு குழி ஒன்று இருக்கும். அதில் தங்கத் தகட்டுத் துணுக்கை வைத்து அழுத்துவதுதான் நாணயச் சாலையில் தெஸ்தாவின் வேலை. போன மாதம் தகடு பாதியாகக் குறைந்தபோதும் ஒரு காசுகூட வெறுங்குழியோடு வெளியே போகவில்லை. எப்படி என்று யாரும் அவளைக் கேட்கவுமில்லை. இன்று காலை மேலாளர் எஸ்கெந்தர், சந்தையிலிருந்து திரும்பி வந்த காசுகளை அவள் முன் கொட்டினார். எல்லாவற்றிலும் குழி காலி.

"பாத்தியா? முள்ளால சுரண்டி எடுத்துட்டு காசைச் செலவு பண்றானுங்க, திருட்டுப் பயலுக. இனிமே தங்கம் கிடையாது."

தெஸ்தா ஒரு காசை எடுத்துக் குழியைத் தடவினாள். "திருட்டு இல்லீங்கய்யா. எங்க பக்கம் புள்ள பொறந்தா மொதல்ல நாக்குல தங்கம் வைக்கணும். ஏழைக்கு வேற தங்கம் ஏது? இது ஒவ்வொண்ணும் ஒரு புள்ள."

"அரசர் உத்தரவு, தெஸ்தா."

"அப்ப காசைச் சுத்தி 'மக்கள் மகிழட்டும்'னு வெட்டியிருக்கே, அதையும் அழிச்சிடச் சொல்லுங்க."

அவர் தகட்டுப் பெட்டியைத் தூக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். அவள் முக்காட்டை விலக்கி, வலக்காதுத் தோட்டைக் கழற்றிக் கல்லில் வைத்து, சுத்தியலை எடுத்தாள்.

"இது எத்தனை நாளைக்கு வரும்?"

"பதினஞ்சு நாள் வருங்கய்யா."

"உனக்கெப்படித் தெரியும்?"

அவள் தலையை மறுபக்கம் திருப்பிக் காட்டினாள். இடக்காது முன்பே மூளியாக இருந்தது.