தெருமுனை

உமையாளுக்குப் பதினாறு வயது. பள்ளிக்குக் கிளம்பும்போது அம்மா அவள் நெற்றியில் திருநீறு பூசிவிடுவாள். தெருமுனை திரும்பியதும் உமையாள் கைக்குட்டையால் அதைத் துடைத்துவிடுவாள்.

மனசு கேட்காமல், கைக்குட்டை இதைத் திருநீற்றுக் கிண்ணத்திடம் ஒருநாள் சொல்லிவிட்டது.

"தெரியும் தம்பி. சாயங்காலம் வர்றப்ப நெத்தி வெறுமையா இருக்குதே," என்றது கிண்ணம்.

"உங்களுக்குக் கோபம் வரலியாண்ணே?"

"பூசுறது அவங்கம்மா. அந்தப் புள்ள என்னைத் தொட்டதே இல்லை. அவகிட்ட எப்படிக் கோவிச்சுக்க?"

ஒரு நாள் அம்மா ஊரில் இல்லாதபோது போன் வந்தது. தோழி பொன்னியைக் காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். உமையாள் பூஜை அலமாரி முன் வந்து நின்றாள். பிறகு ஒரு சிட்டிகை திருநீறு எடுத்துக் கைக்குட்டை முனையில் முடிந்துகொண்டு ஓடினாள்.

சாயங்காலம் கைக்குட்டை திரும்பி வந்தது.

"பொன்னி எப்படி இருக்கா?"

"காய்ச்சல் இன்னும் இறங்கலைண்ணே. இவதான் பக்கத்துலயே உட்கார்ந்திருந்தா."

"திருநீறு?"

"போறப்பவே, தெருமுனை வந்ததும் வழக்கம்போல என்னை வெளிய எடுத்தா. வேர்வை துடைக்கத்தான்னு நினைச்சேன். முடிச்சை அவுத்து, முதல்ல தன் நெத்தியில வச்சுக்கிட்டா. ரொம்பக் கோணல்."

"இருக்கட்டும்," என்றது கிண்ணம். "முதல் தடவைதானே."