ஆறு இரவுக்கான வேலை

"அந்த பிரஷை இப்பவே கீழ வை! வைக்கிறியோ, இல்லையோ?"

கழிப்பறை வாசலில் நின்று இரஞ்சிதம் போட்ட சத்தத்தில், முற்றத்தில் விறகு அடுக்கிக்கொண்டிருந்த வெள்ளைக்காரத் தம்பதி திடுக்கிட்டுத் திரும்பினார்கள். உள்ளே முழங்காலில் இருந்து தரையைத் தேய்த்துக்கொண்டிருந்த வினுஷா மெதுவாக எழும்பினாள்.

"அம்மா! சிட்னியில இருந்து தனியக் கார் ஓடிக்கொண்டோ வந்தனீங்கள்?"

"ஆறு மணித்தியாலம் ஓடினனான். பெத்த பிள்ளை மலையில கக்கூஸ் கழுவுறாள் எண்டு கேட்டால் எந்தத் தாய்க்கு வீட்டில இருப்புக் கொள்ளும்?"

முதல் நாள் பின்னேரம் இந்த மலைக்குடிலின் பொறுப்பாளர் யோசேப் தொலைபேசியில் சொன்ன செய்தி அது. விடிந்ததும் விடியாததுமாக இரஞ்சிதம் காரை எடுத்துவிட்டாள். சிட்னியின் வெஸ்ட்மீட்டில் பத்தொன்பது வருடம் ஊரார் கழிப்பறையெல்லாம் கழுவித்தான் அவள் இந்தப் பிள்ளையை மருந்தாளராக்கினாள். திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில் வேலை தொடங்க வேண்டும். போகாவிட்டால் அந்த இடம் வேறு யாருக்காவது போய்விடும். இவளோ ஒன்றரை மாதமாக முதுகில் மூட்டையோடு ஸ்னோவி மலையெல்லாம் நடந்து திரிகிறாள். போகிற குடிலெல்லாம் சட்டிபானை கழுவிக் கொடுத்துப் படுக்க இடம் வாங்குகிறாளாம். படித்த படிப்புக்கு நல்ல மரியாதை!

சத்தம் கேட்டு யோசேப் வந்தார். மன்னார்க்காரர், சாதுவான மனுசன்.

"வாங்கோ அக்கா. களைச்சுப்போய் வந்திருக்கிறியள். ஒரு தேத்தண்ணி..."

"உங்கட தேத்தண்ணியை நீங்களே குடியுங்கோ! ஒரு தமிழ்ப் பொம்பிளைப் பிள்ளையைக் கொண்டு கக்கூஸ் கழுவுவிக்கிறியளே, வெக்கமா இல்லையோ?"

"இஞ்ச எல்லாருக்கும் ஒரே சட்டம்தான் அக்கா. காசு வாங்கிறேல்லை. ஒரு இரவு படுத்தால் ரெண்டு மணித்தியால வேலை. பிள்ளை கால் சுளுக்கி ஆறு இரவு படுத்திட்டா, வேலை அப்பிடியே சேர்ந்து கிடக்கு. கூட நடந்த சிநேகிதியள் முன்னுக்குப் போயிட்டினம்."

"சுளுக்கின காலோடயோ இந்த வேலை!" இரஞ்சிதம் அழுகை வந்துவிடுமோ என்று பயந்து இன்னும் பலமாகக் கத்தினாள். "எடு உன்ர சாமானை! இப்பவே வெளிக்கிடு!"

"அம்மா, ப்ளீஸ். கால் இப்ப ஓகே. வேலையை அரைகுறையா விட்டிட்டு நான் வெளிக்கிடமாட்டன். இன்னும் ரெண்டு நாள் வேலை கிடக்கு."

"ரெண்டு நாளோ? நாளையிண்டைக்குத் திங்கட்கிழமையடி!"

சுவரில் வினுஷாவின் பெயருக்குக் கீழே ஒரு நீளப் பட்டியல் தொங்கியது. கழிப்பறை இரண்டு, யன்னல் பதினான்கு, கரி பிடித்த அண்டா மூன்று, குசினி அடுப்பு, மெத்தைகளை வெயிலில் போட்டுத் தட்டுவது. இரஞ்சிதம் அதை மேலிருந்து கீழே வாசித்தாள்.

"இவ்வளவும் முடிஞ்சால் விடுவியளோ?"

"முடிஞ்சால் அவவின்ர கொப்பியில முத்திரை குத்துவன். அது இருந்தால்தான் அடுத்தடுத்த குடிலிலயும் சேர்ப்பினம். ஆர் செய்தாலும் எனக்குச் சரி அக்கா."

"அடுத்த குடிலும் மண்ணாங்கட்டியும்! கொண்டா அந்த பிரஷை. நீ போய் மூட்டையைக் கட்டு. ஒண்டையும் தொடக்கூடாது. தொட்டியோ, கையை முறிப்பன்!"

வினுஷா உடனே பிரஷை நீட்டினாள். தாயின் கன்னத்தில் ஒரு முத்தம் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். இவ்வளவு சீக்கிரம் அடங்குவாள் என்று இரஞ்சிதமே நினைக்கவில்லை. பிள்ளை என்ன இருந்தாலும் பிள்ளைதான் என்று மனம் கொஞ்சம் ஆறியது.

கை மட்டும் ஆறவில்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வேலையில் இறங்கினாள். "விசர்ப் பெட்டை", "மலையாம், நடையாம்" என்று ஒவ்வொரு யன்னலுக்கும் ஒரு வசை விழுந்தது. விறகு அடுக்கிய வெள்ளைக்காரி பாவம் பார்த்து ஓர் அண்டாவைத் தூக்க வந்தாள். "டோண்ட் டச்!" என்று போட்ட போட்டில் அவள் புருஷனிடமே ஓடிவிட்டாள். பகல் பன்னிரண்டுக்குத் தொடங்கிய வேலை மூன்று மணிக்கு முடிந்தது. கடைசி மெத்தையையும் தட்டி உள்ளே போட்டுவிட்டு இரஞ்சிதம் நிமிர்ந்தாள்.

யோசேப் சுற்றிப் பார்த்தார். "இந்தக் குடில் கட்டின நாளில இருந்து இப்பிடி ஒரு துப்பரவை நான் கண்டதில்லை அக்கா."

"கதையை விடுங்கோ. முத்திரையைக் குத்துங்கோ. இருட்ட முதல் நாங்கள் கீழ இறங்கவேணும்."

"அது அப்பவே குத்திக் குடுத்திட்டன். நீங்கள் கடைசி மெத்தையைத் தூக்கேக்க."

"அப்ப பிள்ளை எங்க? காரடியிலயோ?"

யோசேப் மலையேறும் பாதையைப் பார்த்தார். இரஞ்சிதமும் பார்த்தாள். மேலே, மேட்டில் ஒரு சிவப்பு முதுகுப் பை விறுவிறென்று போய்க்கொண்டிருந்தது.

"சிநேகிதியள் நாளைக்கு விடிய அடுத்த குடிலை விட்டு வெளிக்கிடுகினமாம். இண்டைக்கே போய்ச் சேரவேணும் எண்டு சொன்னா."

கையில் இருந்த ஈரத் துணியை இரஞ்சிதம் நிலத்தில் ஓங்கி அடித்தாள்.

"அவளுக்குத்தான் விசர் எண்டால் உமக்குமோ? இதுக்குத்தானோ நீர் என்னைப் போன் பண்ணிக் கூப்பிட்டனீர்?"

யோசேப் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்:

"ஓம் அக்கா, இதுக்குத்தான். வினுஷாதான் நம்பரைத் தந்தவ. 'கக்கூஸ் கழுவுறன் எண்டு மட்டும் அம்மாட்டச் சொல்லுங்கோ, நாளைக்கே வந்து ரெண்டு நாள் வேலையையும் ஒரே மூச்சில முடிச்சுத் தந்திடுவா' எண்டு."